பிறகு படிக்க

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாதி, பஸ் டிப்போவில் சார்ட்டுக்காரருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்தது. மீதி, அவருடைய தங்கை கணவரான தையல்காரர் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னது. சொல்லும்போது அவர் அடிக்கடி நிறுத்தினார். அந்த இடைவெளிகளில் நானாக எதையாவது நிரப்பிக்கொண்டேனோ என்னவோ. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட் என்று டியூட்டி சார்ட் போடுவது சார்ட்டுக்காரரின் வேலை. அதனால்தான் டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர். ஒரு வண்டி நடுவழியில் மக்கர் பண்ணினால், மாற்று வண்டி எங்கே நிற்கிறது, யாரை அனுப்பலாம் என்று தலையைத் தூக்காமலே சொல்வார். சொந்த வாழ்க்கையையும் அவர் அப்படித்தான் நடத்தினார். காசு கொடுக்காமல் இன்டர்நெட்டில் கிடைப்பது அத்தனையும் அவர் போனில் உண்டு. வீட்டு வேலைக்கு ஒரு காலண்டர், டாக்டர், மருந்து விஷயங்களுக்கு இன்னொன்று, முடித்த வேலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிவைக்கும் அட்டைகள், நாலைந்து பத்திரிகைகளின் செய்திகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும் ஒரு பக்கம். போன் சும்மா இருக்காது, டிங் டிங் என்று முனகிக்கொண்டே இருக்கும்.

"என்ன சார், மூச்சு விடறதுக்கும் ரிமைண்டர் வச்சிருக்கீங்களா?" என்று டிரைவர்கள் சீண்டுவார்கள்.

"உனக்கு வேணும்னா வச்சுத் தரேன். ஃப்ரீதான்" என்பார், சிரிக்காமல்.

கல்யாணம் அவர் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று இருந்தது ஒரே தங்கை. செருப்புக் கடையில் வேலை செய்தாள். ஏணியில் ஏறி மேல்தட்டுப் பெட்டியை எடுப்பதற்குள் அவளுக்கு இரைக்க ஆரம்பித்தது. முதலில் தூசி என்றார்கள், பிறகு அலர்ஜி என்றார்கள். கடைசியில் ஃபைப்ரோசிஸ் என்றார்கள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். இறுகினது இளகாது.

அன்று மதியமே சார்ட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்து, உலகத்தில் எங்கே அந்த வார்த்தை எழுதப்பட்டாலும் தனக்கு மெயில் வரும்படி அலெர்ட் போட்டார். ஒரு இடத்தில் அல்ல, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் போட்டார். அதைச் செய்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்ட மாதிரி.

மெயில் கொட்ட ஆரம்பித்தது. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் படித்து, தங்கை வீட்டுக்குப் போய் ஒப்பிப்பார். அவளுக்கு அது அலுத்துப்போயிற்று.

"அண்ணா, நான் உனக்குத் தங்கச்சியா இல்ல பஸ்ஸா? எங்க நிக்கிறேன், எப்பக் கெளம்புவேன்னு பாத்துக்கிட்டே இருக்க."

"தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதுதானேம்மா."

"தெரிஞ்சு என்ன பண்ணுவ?" என்றாள். அவர் போனில் அடுத்த செய்தியைத் திறந்தார். அவள் விட்டுவிட்டாள். ஆக்சிஜன் மெஷின் மட்டும் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

அவர் படித்ததில் நல்ல செய்தி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இந்த நோய் வந்தவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்ற கணக்கு. டிரைவர்களின் லீவு மெயில்களுக்கு நடுவே அந்தக் கணக்கு வந்து வந்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் ஒரு ஃபில்டர் போட்டார். அந்த வார்த்தை உள்ள எந்த மெயிலும் இன்பாக்ஸுக்கு வராது, சத்தம் போடாது, நேராக ஒரு ஃபோல்டருக்குள் போய்விடும். ஃபோல்டருக்குப் 'பிறகு படிக்க' என்று பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படிப்பதாக உத்தேசம். ஒன்றிரண்டு வாரம் படித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமையானால், படிக்கிற வேலையைச் சுலபமாக்க இன்னும் நல்ல கருவி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார். ஃபோல்டரைத் திறக்க மாட்டார். சேர்த்து வைக்கிறோம், ஒன்றும் தவறிப்போகாது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் புது மருந்துக்கு நோயாளிகளைச் சேர்க்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணன், தங்கை, அவள் கணவர் மூன்று பேரும் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். இடம் காலியானால் மெயிலில்தான் சொல்வார்கள், ஒரு வாரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். யாருடைய மெயிலைப் போடட்டும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"அண்ணாவோடதப் போடுங்க. இவருக்குப் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது" என்றாள் தங்கை, கணவரைக் காட்டி.

அவர்தான் தையல்காரர். கார், வேன்களுக்கு சீட் கவர் தைப்பவர். "பாஸ்வேர்டா? மெயிலே இருக்கான்னு சந்தேகம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்கூடச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு காத்திருந்தார்கள். சார்ட்டுக்காரர் இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்தார். ஆஸ்பத்திரி மெயில் ஸ்பேமுக்குள் போய்விடக்கூடாது என்று அதையும் கிளறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அந்த நாட்களில் அவர் அளவுக்கு ஒரு மெயிலுக்காகக் கவனமாக இருந்தவர் யாரும் இல்லை.

"மச்சான், ஒரு எட்டு நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்று தையல்காரர் கேட்டார்.

"வேணாம் மாப்ள. வாசல்ல போய் நின்னா, தொந்தரவு புடிச்ச ஆளுங்கன்னு நெனப்பாங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு. வரும்."

"வந்தா நீங்க பாத்துருவீங்க..."

"நான் பாக்காம யாரு பாப்பா?"

தங்கையால் குளியலறை வரை போய்வர முடியாமல் ஆனபோது தையல்காரர் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாலையில் சார்ட்டுக்காரர் தங்கை வீட்டுக்குள் நுழைந்தபோது, தையல்காரர் செருப்பைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மெயில் அனுப்பினாங்களாம் மச்சான்."

"எப்ப?"

"போன மாசமே. மறுபடியும் ஒண்ணு அனுப்பினாங்களாம். பதில் இல்லன்னு வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. இனிமே ஆள் எடுக்கலியாம்."

"பொய். வரவே இல்ல. இங்க பாரு, நீயே பாரு." போனை நீட்டினார். இன்பாக்ஸைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "எங்க இருக்கு? சொல்லு, எங்க இருக்கு?" தையல்காரருக்குப் பார்க்கத் தெரியவில்லை. வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ட்டுக்காரர் ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டுத் தேடினார். இரண்டும் வந்து நின்றன. திறக்கப்படாத மெயிலுக்குரிய தடித்த எழுத்தில், தலைப்பிலேயே நோயின் பெயரோடு. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அவரே வைத்த ஃபோல்டரின் பெயர்.

அவர் போனைத் திருப்பிக்கொள்ளவில்லை. தையல்காரர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது என்ன மச்சான்?"

"நான் போட்டதுதான்" என்றார். 

தையல்காரர் எழுந்து வெளியே போனார். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்திப் பேச வேண்டியிருந்தது.

"இது மட்டும்தான் உள்ள போச்சா, அண்ணா?"

"இல்லம்மா. உன் வியாதி பத்தின எல்லாம்."

"படிக்கவே இல்லியா?"

"முடியலம்மா."

 அவர் கையைப் பிடிப்பாள், பரவாயில்லை என்பாள் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் அப்படிச் செய்யவில்லை. மூச்சு ஒழுங்குக்கு வந்ததும், "லைட்ட அணைச்சுட்டுப் போ" என்றாள்.

மறுநாள் அவர் டிப்போவுக்கு வரவில்லை. ஆராய்ச்சிப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். அன்று சிரித்த அதே பெண்தான் வந்தாள். அவர் ஃபில்டர் என்றார், ஃபோல்டர் என்றார், போனைத் திறந்து காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், எனக்குப் புரியுது. ஆனா அந்த நோயாளி மருந்து ஆரம்பிச்சாச்சு. அவர் கிட்டேருந்து எப்படித் திருப்பி வாங்கறது, சொல்லுங்க."

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகும் அவர் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். தையல்காரர் கதவைத் திறப்பார், உள்ளே போய்விடுவார். ஒருநாள் தங்கை அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவருக்கு வாய் துறுதுறுத்தது. வேறொரு நாட்டில் ஏதோ கண்டுபிடித்திருப்பதாகக் காலையில்தான் பார்த்திருந்தார்.

"ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு" என்றாள்.

அவர் இருந்து பார்த்தார். மெஷின் உறுமியது. அவளுடைய கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. இத்தனை மாதங்களில் அதை அவர் அருகிலிருந்து பார்த்ததே இல்லை. பார்க்க முடியவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அவள் அதைக் கவனித்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தங்கை அந்த மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனாள். தையல்காரர் கடையை மூடிவிட்டு வேறு ஊரில் இருக்கும் அக்காவோடு போய்ச் சேர்ந்துகொண்டார். சார்ட்டுக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மருந்து கிடைத்த அந்த நோயாளி யார், பிழைத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. சார்ட்டுக்காரர் ஓய்வு பெறும்வரை டிப்போவில் சார்ட் போட்டார், அதில் ஒரு தவறும் வரவில்லை. இப்போது தனியாக இருக்கிறார். நான் முன்பெல்லாம் போய்ப் பார்ப்பேன். அவர் பேசுவதில்லை. இப்போது போவதில்லை.