கோப்பை கழுவுகிறவளின் தூக்கம்

காபிக் கடையின் இருநூற்றுப் பதினோராவது கிளை திறந்த காலையிலும் கோப்பை கழுவுகிறவள் அங்கே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வலது கால் செருப்பைக் கழற்றிப் போட்டபடி. யாரும் ஆச்சரியப்படவில்லை. மேஜைகள் வந்திருந்தன, கண்ணாடிகள் வந்திருந்தன, அவளும் வந்திருந்தாள்.

தப்பு அளவெடுக்கிறவருடையது. இரண்டாவது கிளை முதல் கடையை உரித்து வைத்ததுபோல் இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்ல, அவர் நாடாவும் நோட்டுமாக வந்து இருப்பதையெல்லாம் எழுதினார். மேஜை பதினான்கு, அதில் ஒன்று ஆடும். தொட்டியில் விரிசல் ஒன்று. காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போனவள் அந்த நேரம் பார்த்து அக்கடா என்று உட்கார, அதையும் ஒரு வரி எழுதிவிட்டார். பட்டியலை ஒருவரும் கடைசிவரை படிக்கவில்லை. கடை ஊர் ஊராக, தேசம் தேசமாகப் பெருகியது. ஆடும் மேஜை, விரிசல், அவள் என எல்லாம் கூடவே பெருகின.

சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன களைப்பு என்று கேட்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம். வேலை முடிந்து அவள் வீட்டுக்குத்தான் போனாள், சமைத்தாள், படுத்தாள். கண்ணை மூடினால் எங்கோ ஒரு கிளையில் காலை பத்து மணி. கழிப்பறை எந்தப் பக்கம் என்று யாராவது குனிந்து கேட்பார்கள். படுக்கையிலிருந்தே கையை நீட்டிக் காட்டுவாள். கடை கடல் தாண்டிய நாளிலிருந்து பொட்டுத் தூக்கம் கிடையாது. பதினோரு வருஷம். லாரி ஓட்டும் புருஷன் போகிற ஊரிலெல்லாம் கண்ணாடிக்குள் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவான். வண்டி நிறுத்த எங்கே இடம் கிடைக்கிறது?

அந்த வரியை அடிக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அடிக்க முடியாது, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முதல் கடையைப் பார்த்துப் புதுப் பட்டியல் எழுதுவோம், அன்றைக்கு நீங்கள் உட்காராமல் இருந்தால் போதும் என்றார்கள். அன்றைக்கு லீவு கேட்டாள். எல்லாரும் கடையில் இருந்தாக வேண்டும் என்று அதையும் மறுத்தார்கள். கால்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. தள்ளாடினால் தாங்கிப் பிடிக்கப் புருஷனை வரச் சொன்னாள்.

வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அளவெடுக்கிறவர் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்றாள், இரண்டு மணி நேரம் நின்றாள். அவர் தலை தெரிந்ததும் எழுந்துவிடலாம் என்று சொல்லி உட்கார்ந்தாள். புருஷன் எதிரே உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்து அமுக்கிவிட்டான். எத்தனையோ ஊர்களில் அந்தக் கைச்சூடு ஒரே நேரத்தில் இறங்க, அவளுக்குத் தலை சாய்ந்தது.

அளவெடுக்கிறவர் வந்தார். நரைத்திருந்தார். நோட்டைப் பிரித்துவிட்டுத் தயங்கினார்.

"எழுப்பட்டுமா? உக்காந்திருந்தா நான் எழுதித்தான் ஆகணும்."

லாரிக்காரன் அவள் முகத்தைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. விழித்ததும் தன்னைத் திட்டித் தீர்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

"பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் கண்ணசந்திருக்கா. எழுப்பாதீங்க. என்னையும் சேத்து எழுதிக்குங்க."

புதுப் பட்டியல் எல்லாக் கிளைகளுக்கும் போனது. அடுத்த கிளை திறந்த காலையில் இருவரும் ஜன்னலோரம் இருந்தார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒருவர் குனிந்து கேட்டார். அவள் காலை மடியிலிருந்து இறக்காமலே அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.