நடுவரின் இரு கைகள்

சிலாபம்–புத்தளம் சைக்கிளோட்டப் போட்டியில் சென்ற ஆண்டு மண்டை உடைந்த நிஸ்தார், இவ்வாண்டு தலைக்கவசத்துடன் முன்னணியில் விரைந்தான். தலை திறந்திருந்தால் போட்டியிலிருந்து நீக்கம் என்பது புதிய சட்டம். போர்க்காலமாதலால் வழியிலுள்ள முந்தல் ஊர்ச் சோதனைச் சாவடியில் சிப்பாய் மறித்து, அவனது அடையாள அட்டையை உற்றுநோக்கினான்.

“படத்துல ஹெல்மட் இல்ல. கழட்டு.”

“கழட்டினா நான் அவுட், சேர்!” என்று, மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்த நடுவர் அம்பலவாணரிடம் நிஸ்தார் கதறினான்.

“பயப்படாதை தம்பி. நீ கழட்டு, நான் பொத்திப் பிடிக்கிறன்.”

நடுவர் தமது இரு கைகளாலும் அவன் தலையை மூடிச் சட்டத்தைக் காத்தார். அவ்வேளை வளைவில் திரும்பிய ஏனைய வீரர்கள் அனைவரும் அவர்கள்மீது மோதிக் குவிந்தனர். நிஸ்தாரின் தலையில் கீறலும் இல்லை. நடுவரின் கைகள் இரண்டும் முறிந்தன.

“சேர், ஆஸ்பத்திரிக்கு...”

“என்னைப் பாக்காதை, ஹெல்மட்டைப் போட்டிட்டு ஓடு! நீதான் வெல்லுவாய். கைதட்டத்தான் எனக்கு ஏலாது.”