அழிப்பான் இல்லாத பெட்டி

பிரெண்ட் ஹால்வர்சனின் மேசையில் தான் வரைந்த சிவப்புக் கல் கிடப்பதைப் பார்த்ததும் ரோவீனா ஷுல்ட்ஸுக்குச் சுருக்கென்றது. பணியாளர் ஓய்வறைச் சுவரில் அவள் ஒட்டி வைத்திருந்தது அது. உள்ளங்கை அகலச் சதுர அட்டை. ஓரமெல்லாம் கறுப்பு மையில் பின்னலும் சுருளும். நடுவில் முட்டை வடிவ மாணிக்கம். யாரோ அதை ஒட்டுநாடாவோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மூலை கிழிந்திருந்தது.

"பிரமாதமா இருக்கு ரோவீனா. தொட்டா வழுக்கும்போல இருக்கு. இதை நீங்கதான் வரைஞ்சீங்கன்னு சொன்னாங்க, நம்பவே முடியல" என்றார் பிரெண்ட். அந்த முதியோர் இல்லத்துக்கு அவர் நிர்வாகியாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. கழுத்துப்பட்டை கசங்கி ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

"கிழிச்சிட்டீங்க."

"அடடா, ஸாரி. விஷயம் என்னன்னா, நம்ம ஆளுங்க எல்லாரும் ரொம்ப மன அழுத்தத்துல இருக்காங்க. வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மதியம், 'அமைதி நேரம்'னு ஒண்ணு தொடங்கலாம்னு இருக்கோம். நீங்க சொல்லிக்கொடுங்க. மூச்சை இழுத்து விட்டு, மெதுவா கோடு போட்டு... தலைமை அலுவலகத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"ஆளு போடுங்க பிரெண்ட். நாற்பத்தி நாலு பேருக்கு ரெண்டு உதவியாளர். ஆளு போட்டா அமைதி தானா வரும்."

"அது வேற விஷயம்" என்றார் அவர், சிரிப்பு மாறாமல்.

ரோவீனா கிழிந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் இதே அறையில், இதே மேசையில், அவர் நீட்டிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அன்றிலிருந்தே அவர் முன்னால் அவள் குரல் பாதியாகத்தான் எழும்பியது. தன் மேலேயே இருந்த அந்தக் கோபம் வேறு.

மிச்சிகனில், ஹியூரான் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பதினெட்டு வருடமாக அவள் இந்த வேலையைச் செய்கிறாள். கிழவர்களைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி, உடுத்திவிடுகிற வேலை. மூன்று குளிர்காலத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டு ஆறு வாரம் படுத்திருந்தாள். தொலைக்காட்சி பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கைவினைக் கடையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கினாள். சதுர அட்டைகள், இரண்டு கறுப்புப் பேனா, ஒரு பென்சில், பென்சில் கோட்டைத் தேய்த்து நிழலாக்குகிற காகிதச் சுருள். அழிப்பான் மட்டும் இல்லை. பெட்டியில் போட மறந்துவிட்டார்களோ என்று அட்டைக்குறிப்பைப் படித்தாள். வேண்டுமென்றேதான் வைக்கவில்லையாம். தவறிப்போன கோடு என்று ஒன்று கிடையாதாம். எந்தக் கோட்டிலிருந்தும் அடுத்த பின்னலுக்குப் போகலாமாம்.

நாலு மூலையிலும் நாலு புள்ளி. புள்ளிகளை இணைத்து ஒரு கரை. உள்ளே பென்சிலால் ஒரு நூல்போல வளைத்து ஓட்டினால் அட்டை ஐந்தாறு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பின்னல். அவ்வளவுதான். கற்களை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டாள். வண்ணப் பென்சிலை ஏழெட்டு முறை மேலே மேலே ஏற்றி, ஓரத்தைக் கறுக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விட்டு, கடைசியில் வெள்ளை மையில் ஒரே ஒரு பொட்டு வைத்தால் தட்டையான தாளிலிருந்து கல் எழுந்து உட்காரும். அந்தப் பொட்டு வைக்கிற நொடிக்காகவே அவள் வரைந்தாள். வேலையில் எதுவும் முடிவதில்லை. துடைத்த இடம் திரும்ப நனையும், ஊட்டிய வாய் திரும்பப் பசிக்கும். இது ஒன்றுதான் முடிந்தது. அதை மருந்து மாத்திரை மாதிரி ஒருவர் கையில் எடுத்துப் பேசியது அவளுக்கு எரிந்தது.

கையெழுத்து விவகாரம் இதுதான். பன்னிரண்டாம் அறையில் ஆர்வில் டெட்ரோ என்று ஒருவர் இருந்தார். எண்பத்தாறு வயது, ஓய்வுபெற்ற சரக்குக் கப்பல் சமையற்காரர். வாய்த்துடுக்கு அதிகம். ரோவீனா இடைவேளையில் வரைவதை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணே, பச்சையில ஒண்ணு போடு. சிவப்பைப் பாத்தா பல் டாக்டர் ஞாபகம் வருது" என்பார். பச்சையில் போட்டுக்கொடுத்தாள். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவர்களிடம் எடுத்துக் காட்டி, நிஜ மரகதம் என்று கதை விட்டார்.

பிப்ரவரி மாதம் ஒரு காலை. உதவியாளர்கள் இரண்டே பேர்: ரோவீனாவும் அவள் தோழி டீட்ராவும். ஆர்வில் கழிப்பறை போக அழைப்பு மணியை அழுத்தினார். கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. அந்த நேரத்தில் இருவரும் வேறொரு அறையில், கீழே சரிந்த ஒரு கனத்த அம்மாளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்கு முப்பத்தெட்டு நிமிடம் எரிந்தது. ஆர்வில் தானே எழுந்து போய், குளியலறைத் தரையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பதினோராம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

அவர் விழுந்த அன்றே, பதினான்கு மணிநேரம் நின்ற காலோடு ரோவீனா பிரெண்டின் அறைக்குப் போனாள். சம்பவ அறிக்கை தயாராக இருந்தது. 'உதவிக்கு அழைக்காமல் தாமாகவே எழுந்தார்' என்று எழுதியிருந்தது. அவள் படித்தாள். படிக்கவில்லை என்று பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், ஆனால் படித்தாள். பேனாவை நீட்டினார். போட்டாள்.

"ஒரு மணிநேரம் உக்காரலாம்டி" என்றாள் டீட்ரா, அமைதி நேரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு. "பதினோரு வருஷமா இங்க என்னை உக்காருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீ கோடு போடச் சொல்லு, வட்டம் போடச் சொல்லு, நான் குறட்டை விடறேன்."

"எனக்குப் பத்திக்கிட்டு வருது டீட்ரா."

"வரட்டும். உக்காந்துகிட்டே பத்தட்டும்."

டீட்ராவுக்காக ரோவீனா ஒப்புக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் வந்தால் கிழவர்களைப் பார்க்க ஆளில்லை. டோனட் பெட்டி, காப்பி, மெல்லிய குழல் இசை. குடும்பத்தினர் சிலரையும் அழைத்திருந்தார்கள். படம் எடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கூடத்துக்கு வெளியே நடைவழியில் ஏதோ ஓர் அறையின் அழைப்பு மணி 'டிங்... டிங்...' என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. டீட்ரா இரண்டு முறை எழுந்து ஓடிவிட்டு வந்தாள்.

"நாலு மூலையில நாலு புள்ளி வைங்க" என்று ரோவீனா தொடங்கினாள். அவள் குரல் அவளுக்கே மரக்கட்டையாகக் கேட்டது.

அப்போதுதான் கடைசி வரிசையில் மார்லீன் இருப்பதைப் பார்த்தாள். ஆர்விலின் மகள். ஐம்பதைத் தாண்டியவள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், தோள் அகலம். சவ அடக்கத்தன்று ரோவீனா அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருந்தாள். மார்லீனின் கையில் அந்தப் பச்சைக் கல் இருந்தது.

பிரெண்ட் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு மார்லீன் நம்மகூட இருக்காங்க. அவங்க அப்பா ஆர்வில் இந்த ஓவியங்களை அவ்வளவு ரசிச்சாரு. அதனால இதுக்கு 'ஆர்வில் டெட்ரோ நினைவு அமைதி நேரம்'னு பேரு வைக்கிறோம்." கை தட்டினார்கள். "இந்தக் கலையில எனக்குப் பிடிச்ச விஷயம் என்ன தெரியுமா? இதுல தப்புன்னு ஒண்ணே கிடையாது. அப்படித்தானே ரோவீனா?"

ரோவீனாவின் கையிலிருந்த பேனா மூடி தரையில் விழுந்து உருண்டது. அவள் குனியவில்லை.

"காகிதத்துல கிடையாது" என்றாள். "தரையில உண்டு."

"என்ன சொன்னீங்க?"

"பன்னிரண்டாம் ரூம் தரையில உண்டுன்னேன். அவரு பேரை இதுக்கு வைக்காதீங்க பிரெண்ட். அந்தப் பேரைச் சொல்ல உங்களுக்கு யோக்கியதை இல்ல. அவரு மணி அடிச்சாரு. முப்பத்தெட்டு நிமிஷம் விளக்கு எரிஞ்சுது, கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு, போய்ப் பாருங்க. அவரு கூப்பிடாம எழுந்தாருன்னு நீங்க எழுதினீங்க. செத்தவன் மேல பழியைப் போட்டுட்டு, அவன் பேர்ல டோனட் வைக்கிறீங்களா?"

தலைமை அலுவலகப் பெண் கேமராவைத் தாழ்த்தினாள். பிரெண்ட் இசையை நிறுத்தப் போனார். பொத்தான் எது என்று தெரியாமல் சத்தத்தைக் கூட்டிவிட்டார். குழல் வீறிட்டது.

"ரோவீனா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க. நாம தனியா பேசுவோம்."

"மூச்சா? என் மூச்சு நல்லாத்தான் இருக்கு. நின்னுபோனது அவரு மூச்சு!"

மார்லீன் எழுந்து வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே அவள் நடந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் பிரெண்டைப் பார்க்கவே இல்லை.

"எங்கப்பாவுக்கு விழுந்துருவோம்னு பயம். ஒரு செருப்பு எடுக்கக்கூட மணி அடிக்கிற ஆளு. எப்படிக் கூப்பிடாம எழுந்தாருன்னு ஒரு மாசமா மண்டையைப் பிச்சிக்கிட்டு இருக்கேன். அவரு மேலயே கோபப்பட்டேன். கல்லறைக்குப் போய்த் திட்டிட்டு வந்தேன்." இப்போதுதான் ரோவீனாவை நேராகப் பார்த்தாள். "அந்த அறிக்கையில உங்க பேரு இருந்ததே. நீங்கதானே கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"தெரிஞ்சா போட்டீங்க?"

"தெரிஞ்சுதான்."

"போட்டுட்டு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதியா நீ?"

மார்லீன் பச்சைக் கல்லை ரோவீனாவின் முன்னால் மேசையில் வைத்தாள். வீசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"மன்னிச்சிருங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிராத. கேக்கமாட்டேன். சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு."

அன்று மாலையே ரோவீனாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஒழுங்கு நடவடிக்கை முடியும்வரை என்றார்கள். முடியவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் மாநில ஆய்வுத் துறைக்குப் புகார் எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள், தன் கையெழுத்து உட்பட. எழுதி முடிக்க மூன்று தாள் ஆனது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். அமைதி ஒன்றும் வரவில்லை. பென்சிலை அழுத்திய அழுத்தில் முனை முறிந்தது, அட்டை குழிந்தது. ஓரம் கறுக்க வேண்டிய கல் முழுக்கக் கறுத்தது. வெளிச்சம் விட வேண்டிய இடத்தையும் நிரப்பிவிட்டாள். டீட்ரா ஒரு பாத்திரம் நிறைய மீன் சூப்போடு வந்து, அடுப்படி மேசையில் வரிசையாகக் கிடந்த ஒன்பது கல்லையும் பார்த்தாள்.

"என்னடி இது, நிலக்கரிச் சுரங்கமா?"

"கல்லு."

"நல்லா இருக்கு. பாத்தா பயமா இருக்கு, ஆனா நல்லா இருக்கு." ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஆய்வாளர் ஒருத்தி வந்து எல்லாரையும் விசாரிச்சிட்டுப் போனா. என்கிட்டயும் கேட்டா. நானும் சொல்லிட்டேன், அன்னிக்கு நாங்க எங்க இருந்தோம்னு. வேலை போனாப் போவுது. ஒண்ணு சொல்லட்டா? எனக்கு உன் மேலயும் கோபம் இருந்துது ரோ. என்னைக் கேக்காமப் போட்டியே."

"கேட்டிருந்தா?"

"பேனாவைப் புடுங்கி அவன் காப்பியில போட்டிருப்பேன்."

ஆய்வாளர் ரோவீனாவின் வீட்டுக்கும் வந்தாள். நரைத்த தலையை ஒட்ட வெட்டிய, அதிகம் பேசாத பெண். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் கேட்டாள்: "ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு ரோவீனா பல பதில்களைத் தயார் செய்திருந்தாள். கால் வலி, பதினான்கு மணிநேரம், வேலை போய்விடும் என்ற பயம். எல்லாம் உண்மை. வாயைத் திறந்தபோது அவை ஒன்றும் வரவில்லை.

"அவரு பேனாவை நீட்டினாரு. வாங்கிக்கிட்டேன். வீட்டுக்குப் போகணும்போல இருந்துது" என்றாள். ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் முடிவு கடிதமாக வந்தது. புகார் உண்மை என்று ஏற்கப்பட்டது. அறிக்கை திருத்தப்பட்டது. அபராதம் விதித்தார்கள். காலை ஷிப்டுக்கு மூன்று பேரைக் கூடுதலாகப் போட உத்தரவானது. டீட்ராவின் வேலை தப்பியது. ரோவீனாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் ஏரிக்கரையிலேயே பக்கத்து ஊரில், வீடு வீடாகப் போய்க் கிழவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்திருந்தாள்.

கடிதம் வந்த அன்றே மார்லீன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"'உதவிக்கு அழைத்தார்'னு எழுதியிருக்காங்க. எங்கப்பா மணி அடிச்சாருன்னு எழுத்துல இருக்கு இப்ப." மறுமுனையில் பேருந்தின் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. "உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்காகக் கூப்பிடல."

"தெரியும்."

"அந்த பிரெண்டை என்ன பண்ணாங்கன்னு தெரியுமா? வேலையை விட்டு எடுப்பாங்கன்னு பாத்தேன். தெற்கே, அவங்களோட இன்னொரு இல்லத்துக்கு மாத்தியிருக்காங்க. இதைவிடப் பெரிசு. நூத்திப் பத்து படுக்கை."

ரோவீனா எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நூத்திப் பத்தா?"

"நூத்திப் பத்து. போன வாரமே அங்க ஏதோ தியான வகுப்பு தொடங்கி, படம் போட்டிருக்கான். சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்."

ரோவீனா விழுந்த நாற்காலியை நிமிர்த்தினாள்.

"அங்க இருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் சொல்லணும்" என்றாள் ரோவீனா. "ஆய்வறிக்கை பொதுவுல இருக்கு, யார் வேணா வாங்கலாம். பிரதி எடுத்து வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுக்கலாம்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். சனிக்கிழமை எனக்கு பஸ் கிடையாது. காலையில எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல்ல வண்டியோட நிப்பேன். ரெண்டு மணிநேர ஓட்டம். வழியில என்கிட்ட ஏதும் நல்லவிதமாப் பேசணும்னு நினைக்காத."

"பேசல."

"வரும்போது அந்தக் கோபத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்றாள் மார்லீன். "எங்கேயாவது உக்காந்து வரைஞ்சு தீத்துட்டு வந்துராத."