ஒன்றும் நடக்காத வருடம்

ஆய்வகத்தில் அவளுக்கு வானிலைக்காரி என்று பெயர். விமானங்கள் விடும் புகை மேலே காற்றில் என்ன செய்கிறது என்று, கணினிக்குள் ஒரு வானத்தைக் கட்டிப் பார்ப்பதுதான் அங்கே வேலை. அந்த வானத்துக்கு வேண்டிய காற்றையும் குளிரையும் ஈரத்தையும் பழைய பதிவுகளிலிருந்து பொறுக்கித் தருவது அவள். அதில் விமானங்களைப் பறக்கவிடுவது அவள் கணவன். பெரிய கணினியை யாருக்கு எப்போது தருவது என்று முடிவு செய்வது அவளுடைய நாத்தனார். மாமியார் ஒருத்திதான் பாக்கி என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அன்று மாலை பெரிய கணினி அவர்கள் முறைக்கு வந்தது. விட்டால் அடுத்த ஆண்டுதான். அதுவும் ஒரே ஒரு வருட வானிலையை ஓட்டும் அளவுக்குத்தான் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் வரும் முடிவை வைத்து, பூமியின் சூட்டைப் பிடித்துவைக்கும் வெள்ளைப் புகைக்கோடுகள் குறைய விமானங்களைக் கொஞ்சம் தாழ்வாகப் பறக்கச் சொல்லலாமா என்று மேலிடம் யோசிக்கப் போகிறது.

கையில் பத்து வருடப் பதிவு இருந்தது. கணவன் எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்து, சராசரி வருடம் ஒன்றைச் செய்து வைத்திருந்தான். எந்த வருடத்துக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று அவனுக்குப் பெருமை. அவளும் தலையாட்டியிருந்தாள்.

அன்று மதியம்தான் தன் மேசைக் கணினியில் அந்தச் சராசரியிலிருந்து ஒரு வாரத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். அத்தனை விமானங்கள் பறந்தும் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பெயருக்கு ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை.

விமானத்தின் பின்னால் கோடு விழுந்து நிலைக்க வேண்டுமானால் கடுங்குளிரும் வேண்டும், நிறைய ஈரமும் வேண்டும். அந்த ஈரம் மெல்லிய அடுக்குகளாக இன்று இங்கே, நாளை அங்கே என்று கிடக்கும். பத்து வருடங்களைக் கலந்ததில் அடுக்குகள் எல்லாம் கரைந்து, எங்கும் அரைகுறை ஈரம்தான் மிஞ்சியிருந்தது.

கணவனிடம் போய்ச் சொன்னாள். அவன் திரையைப் பார்த்துவிட்டு, வரைபடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றான்.

"சுத்தமாத்தான் இருக்கும். பத்துப் பேர் முகத்தை ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் படம் எடுத்தா யாரோட மச்சமும் தெரியாது. நமக்கு வேண்டியதே அந்த மச்சம்தாங்க."

அவன் அந்த வரைபடத்தை மூடினான். முதுகு ஒடிய உட்கார்ந்து செய்த சராசரி. பிறகு பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான்.

"சரி, நிஜமான வருஷம் ஒண்ணைச் சொல்லு. நம்ம கல்யாண வருஷத்தை எடுத்துக்கலாமா?"

"ஐயோ, அது வேண்டாம். அந்த வருஷம் கடல் தாறுமாறா சூடேறிக் கிடந்துச்சு. எதுவுமே வழக்கப்படி நடக்கல."

"இதையே நான் சொல்லியிருந்தா வீட்டுல அடுப்பு எரியாது," என்றான் அவன்.

புயல்கள் வரிசைகட்டி வந்த வருடத்தை ஒதுக்கினார்கள். வறண்டு போன வருடத்தை ஒதுக்கினார்கள். எரிமலைச் சாம்பல் மேலே பரவிய வருடமும் போனது. பெரிதாக எதற்காகவும் யாரும் நினைவு வைத்திருக்காத வருடம் ஒன்று கடைசியில் தேறியது. குளிர், காற்று, ஈர அடுக்கு எல்லாமே கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதிலிருந்து ஒரு வாரத்தை ஓட்டினாள். கோடுகள் விழுந்தன. சில உடனே மறைந்தன, சில அகன்று மெல்லிய மேகமாயின. அந்த வாரத்துச் செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜாடை இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

நாத்தனார் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அடுத்த ஆள் வாசலிலேயே நிற்கிறார், இன்னும் இழுத்தால் சொந்தக்காரர்களுக்குச் சலுகை என்று தனக்குக் கெட்ட பெயர் வரும் என்றாள். வானிலைக்காரி வருடத்தைச் சொன்னதும், நாத்தனார் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

"ஏன் இந்த வருஷம்னு காரணம் போடணும் அண்ணி."

"எதுவுமே நடக்காத வருஷம்னு போடு."

நாத்தனாரின் விரல்கள் நின்றன. "நான் இங்க வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது."

"உங்க அண்ணி ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்றா," என்றான் கணவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாத்தனார் அண்ணன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். 'இயல்பான வருடம்' என்று காரணத்தை எழுதிவிட்டு, குட்டிய கையாலேயே ஓட்டத்தைத் தொடங்கி வைத்தாள்.