பால்வாளி குப்பைக்குப் போகாது

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஆயர் தாவார் ஊர் மாணவி கலாதேவியின் தேர்வுத் தாளிலிருந்து எடுத்தேன். படிவம் நான்கு இறுதித் தேர்வு, தமிழ்த் தாள், தன்கதை எழுதச் சொன்ன கேள்வி. பல பள்ளிகள் சேர்ந்து திருத்துவதால், ஒரே அளவுகோல் வேண்டுமென்று ஆசிரியர்கள் ஈப்போவில் கூடினோம். முதலில் எல்லாரும் ஒரே தாளுக்குப் புள்ளி போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் இவளுடையது.

‘ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள்மீது மேகம் தவழ்ந்த அந்தக் காலையில்—’

(அடச்சே. கூட்டம் நடந்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

2

தன்கதை எழுதாத மலேசியத் தமிழர் உண்டா? நான் ஒரு குடை, நான் ஒரு காலணி. தொழிற்சாலையில் பிறப்போம், கடையில் தொங்குவோம், உழைப்போம், கடைசியில் குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் விடுவோம்.* ஸ்கீமா என்கிற புள்ளித் திட்டத்தில் அந்த முடிவுக்கென்றே இரண்டு புள்ளி இருக்கிறது.

(* இத்தனை குடைகளைக் குப்பையில் போட்டோமே, ஒரு குடையாவது எதிர்த்துப் பேசியதா?)

கலாதேவி பால்வாளியாக எழுதியிருந்தாள். ரப்பர் பால் சுமந்த வாளி. தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் லூமுட் துறைமுகத்துக்குப் போய் மீன் சுமக்கிறது. கடைசி வரி: ‘நான் குப்பைக்குப் போக மாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது.’ அதற்குப் பிறகு முடிவுரை கிடையாது.

அந்த இரண்டு புள்ளி இல்லையென்றால் அவள் தேற மாட்டாள். தேறாதவர்களை அடுத்த ஆண்டு எஸ்பிஎம் அரசுத் தேர்வில் தமிழ் எடுக்க அவள் பள்ளி விடாது. பள்ளியின் சராசரி விழுந்துவிடுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

3

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய உடையப்பன் சாரை முதல் வரைவில் வில்லனாக்கினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்துகிற மனிதர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

“ஒரு புள்ளைக்கு வளைச்சா, ஸ்கீமாவ நம்பி எழுதின மத்த புள்ளைங்களுக்கு என்ன சொல்றது? இந்தப் புள்ள முடிவ மறந்துருச்சு, அவ்ளோதான்லா.”

கலாதேவியின் ஆசிரியை ஜோவான் எழுந்தாள்.

“அந்தப் புள்ள மறக்கல சார். வேணாம்னு சொல்லியிருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஸ்கீமாதான் தப்பு. அத மாத்துங்க, எல்லாப் புள்ளைங்களுக்கும் மாத்துங்க.”

உடையப்பன் சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

4

முடிவு ஒன்று: அவர் கண்கலங்கி, இரண்டு புள்ளியையும்—

(நல்லவர்தான், அதற்காக இப்படியா?)

முடிவு இரண்டு: கலாதேவி தோற்று, பள்ளிக்கூட ஓரத்தில் நின்று அழுது—

மாட்டேன். என் கையால் அவளைக் குப்பைத்தொட்டியில் போட மாட்டேன்.

பேனாவை உடையப்பன் சார் கையிலிருந்து பிடுங்கி உங்களிடம் தருகிறேன். கலாதேவிக்குப் போடுவதைப் போடுங்கள். அப்படியே எனக்கும் போடுங்கள். இந்தக் கதைக்கும் முடிவுரை இல்லை. குறைத்தால் குறைத்துக்கொள்ளுங்கள், மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.