ஒரு சாணைக்கல் கூடுதல்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவளும் நான்தான். பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கப்பலில் வரும் இயந்திரங்களை வர்ணிப்பதுதான் என் பிழைப்பு. சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். உங்களை மாதிரி சாதுவான வாசகர்கள் எனக்கு அங்கே கிடையாது, அளவு நாடாவோடு வந்து படிக்கிறவர்கள்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கிடங்கின் கதவு—

சான்டோஸில் மழை பெய்யாவிட்டால் அல்லவா செய்தி? அடித்துவிட்டேன். அடுத்தது:

வல்தெலீசி தன் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் இயந்திரத்தைக் காதலித்—

முதன்முறையாம்! அவளை உங்களுக்குத் தெரியாது.

2

தெரிந்துகொள்ளுங்கள். வல்தெலீசி பக்கத்து ஊர் குபத்தாவில் லாரி எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறாள். எஞ்சினுக்குள் சுழன்று தேய்ந்த தண்டுகளை, அதாவது கிராங்க்ஷாஃப்ட்டுகளை, சாணை பிடித்துத் திரும்ப ஓடவைக்க, வெளிநாட்டிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வரவழைத்தாள். கைக்காசெல்லாம் அதில் போய்விட்டது. இறக்குமதி வரியும் விழுந்தால் பட்டறையில் பாதியைக் கொழுந்தன் ஜெனிவால்டோவுக்கு விற்றாக வேண்டும். அவன் அந்தப் பாதியில் கார் கழுவும் கடை போடத் துடிக்கிறான்.

"டோனா இவோனி, அந்தப் பய பட்டறைக்குள்ள வந்து சுவரை முழம் போட்டுப் பாக்கிறான்! நான் இன்னும் செத்துப் போகலைடான்னேன். 'சும்மா பாத்தேன் அண்ணி'ங்கிறான். கையில வாளி!"

(டோனா இவோனி, அதாவது இவோனி அம்மா, நான்தான். வாளியை நான் சேர்த்தேன். அவன் கையில் இருந்தது தண்ணீர்க் குழாய்.)

3

இது கட்டுரைப் பகுதி. தாண்டுகிறவர்கள் தாண்டலாம். பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக்கூடாது.

உலோகம் தேய்க்கும் இயந்திரம் என்று மொட்டையாகச் சொன்னால் சுங்கம் ஏற்காது. தட்டையாகத் தேய்க்கிறதா, உருளையாகத் தேய்க்கிறதா? கணினி ஓட்டுகிறதா, ஆள் ஓட்டுகிறாரா? திரையில் எண் மினுக்குவதைப் பார்த்ததும் கணினி என்று எழுதி மூக்குடைபட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எண்ணைக் காட்டுவது வேறு, எண்ணைக் கொண்டு ஓட்டுவது வேறு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண், எண்ணுக்குத் தக்க வரி.

என் கலை அதற்கு அப்புறம் தொடங்குகிறது. பிரேசிலில் யாருமே செய்யாத இயந்திரம் என்றால் வரிவிலக்குக் கேட்கலாம். அதற்கு இயந்திரத்தை ஒரே வாக்கியத்தில் வர்ணிக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் வாக்கியம் அரசிதழில் அச்சாகும். வந்திறங்குகிற பொருள் அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதினால் உள்ளூர்க் கம்பெனிக்காரன் "இதைத்தான் நாங்களே செய்யறோமே" என்று வந்து நிற்பான். ஆகவே இந்த நாட்டிலேயே இவளுக்கு நிகரில்லை என்று காதலன் எழுதுகிற மாதிரி எழுத வேண்டும், ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்கக்கூடாது. எந்தக் காதலனுக்கு இந்தக் கஷ்டம் உண்டு?

நான் எழுதியதில் ஒரு துண்டு: ...உருளைப் பரப்புகளைத் தேய்ப்பதற்கான, கணினியால் இயக்கப்படும், ஒரே ஒரு சாணைக்கல் தலை கொண்ட...*

* முழு வாக்கியத்தையும் போட்டால் இந்தக் கதைக்கு இடம் இருக்காது.

அரசிதழில் படித்துவிட்டு வல்தெலீசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் புருசன்கூட என்னைப் பத்தி இப்படி உருகினதில்லை."

4

பெட்டியைத் திறந்தார்கள். சாணைக்கல் தலை இரண்டு இருந்தது.

"ரெண்டு! டோனா இவோனி, ரெண்டு குடுத்திருக்கான்!" கிடங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி குதித்தாள்.

"மெதுவா, மகளே. செத்தோம்."

"எதுக்கு?"

"என் வாக்கியத்துல ஒண்ணுதான் இருக்கு."

மெஷினை அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே ஒருவர் குழைந்தார்: எங்கள் அன்பளிப்பு, விலை எதுவும் வேண்டாம், நீங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும். நாசமாய்ப் போக!

"வாக்கியத்தைத் திருத்துங்களேன்" என்றாள் வல்தெலீசி.

இந்தக் கதையை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் கிறுக்கலாம், கிழிக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தில் கை வைக்க முடியாது. புதிதாக எழுதி அனுப்பினால், பதில் வருவதற்குள் ஜெனிவால்டோ குபத்தாவிலுள்ள கார்களையெல்லாம் கழுவி முடித்திருப்பான்.

"அப்ப ஒண்ணைக் கழட்டி என் வண்டியில போட்டுக்கவா?"

"அதுக்குப் பேரு கடத்தல்."

5

டாக்டர் ஒடாயிரை நான் சந்தேகிக்கிறேன், கதாபாத்திரமாக. (ஊசி போடும் டாக்டர் இல்லை, சுங்க அதிகாரி. இங்கே நாற்காலி கொஞ்சம் உயரமாக இருந்தால் டாக்டர்.) முதல் வரைவில் அவருக்குக் கடுகடுத்த முகம் கொடுத்தேன். ஒட்டவில்லை. நிஜத்தில் அவர் எண்ணெயில் பொரித்த பாஸ்டெல் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, காகிதத்தில் எண்ணெய் படக்கூடாதென்று விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிற மனுஷர்.

"பாருங்க இவோனி," என்றார். "அது சும்மா உபரியா வந்த சாமான்னா, அதுக்கு மட்டும் தனியா வரி போட்டுட்டு மெஷினை விட்டுடுவேன். மெஷினோட சேந்து வேலை செய்யிற உறுப்புன்னா, இது உங்க வாக்கியத்துல இருக்கிற மெஷினே இல்லை. மொத்தத்துக்கும் வரி. அந்தம்மாவையே கேட்டுடறேன்."

நான் வல்தெலீசியைத் தனியே இழுத்தேன். "'கேக்காமயே குடுத்தாங்க, டாக்டர்.' இதை மட்டும் சொல்லு. பொய்யில்லை. சொல்லிட்டு வாயை மூடிக்கோ."

"சரி."

"எங்கே, மூடு பாப்போம்."

"மூடிட்டேன். ஆனா டோனா இவோனி, இது ரெண்டும் ஒரே நேரத்துல தேய்க்கும் தெரியுமா? ஒரு பக்கம் இது, அந்தப் பக்கம் அது, ஷாஃப்ட் வளையவே வளையாது—"

ஐயோ மாதாவே.

6

முடிவு அ: பெட்டியில் ஒரே ஒரு கல். நான் எழுதினால் ஒன்றுதான், யார் வந்து எண்ணப் போகிறார்கள்? டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். வல்தெலீசியும் போடுகிறாள். சுபம். படித்துப் பார்த்தேன். அவள் குதிக்கவில்லை, சத்தம் போடவில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள். யாரோ ஒருத்தி. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: இரண்டு கல். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு அவள் நிறுத்துகிறாள். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். அவள் நிறுத்த மாட்டேன் என்கிறாள். மெஷின் அவளுடையது, சந்தோஷம் அவளுடையது, நான் போட்ட முற்றுப்புள்ளியை அவள் மதிப்பாளா?

முடிவு இ: ஜெனிவால்டோ மனம் திருந்தி—

போதும்.

7

ஆகவே இப்படிச் செய்வோம். இந்த வரைவில் எனக்குப் பல்வலி, நான் கிடங்குக்கு வரவில்லை. எனக்குப் பதில் வல்தெலீசி பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

டாக்டர் ஒடாயிர் வாக்கியத்தின்மேல் விரலை வைத்திருக்கிறார். "டோனா வல்தெலீசி, இந்த ரெண்டாவது கல்லு எதுக்கு?"

"கேக்காமயே குடுத்தாங்க, டாக்டர்."

அப்பாடா! அட்சரம் பிசகவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைத் திறக்கிறார்.

அவள் கை அந்த இரண்டாவது கல்லைத் தடவிக்கொண்டிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா டாக்டர்..." என்று மூச்சை இழுக்கிறாள்.

உங்கள் செருப்பு அவள் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மிதிப்பதானால் இப்போதே மிதித்துவிடுங்கள்.