பேட்டரி இல்லாத கடிகாரம்

வகுப்பில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால்தான் அந்தப் பழக்கம் போகவில்லை.

நர்சிங் கடைசி வருஷத்துக்கு வியாழக்கிழமை மத்தியானம் கேஸ் வகுப்பு. நடத்துகிற டீச்சருக்கும் பட்டப்பெயர் உண்டு, 'அப்புறமென்ன'. யார் என்ன சொன்னாலும் அதையே கேட்பார். உள்ளே நுழையும்போதே எல்லார் செல்போனும் அவர் டிராயருக்குள் போய்விடும். மேஜைமேல் பேட்டரி கழற்றிய ஒரு கடிகாரம். கற்பனையாக ஒரு நோயாளியைச் சொல்வார், அந்த நோயாளியின் நேரம்தான் கடிகாரத்தில். நோயாளியைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் உண்டு. கேட்காததைச் சொல்லவே மாட்டார். பிள்ளைகள் வளவளவென்று பேசி நேரத்தை ஓட்டினால் முள்ளை அரைமணி தள்ளி வைப்பார். போன மாதம் இப்படித் தள்ளித் தள்ளியே ஒரு நோயாளி செத்துப்போனார். காகித நோயாளிதான் என்றாலும் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"நடுத்தர வயசு அம்மா. காலையில இருந்து அசதி, இடது தோள்ல வலி. மணி எட்டு," என்றார் டீச்சர்.

"தசைப்பிடிப்பு மேடம். தைலம் தேய்ச்சுட்டுப் படுக்கச் சொல்லலாம்," என்றாள் முந்திரிக்கொட்டை. காலையில் அம்மாவிடம் சொன்ன அதே பதில், நாக்கு நுனியிலேயே இருந்தது.

"அப்புறம் என்ன?"

கனமாக எதையாவது தூக்கினாளா, கோணலாகப் படுத்தாளா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். டீச்சர் முள்ளைத் தள்ளினார்.

"வேர்த்துச்சா மேடம்?" என்று கடைசி பெஞ்சுக்காரி கேட்டாள்.

"ஃபேனுக்கு அடியில உக்காந்தும் துணி நனைஞ்சுபோச்சு."

முந்திரிக்கொட்டை நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். தோள் கடுக்கிறது என்றாள். இவள் தலை வாரிக்கொண்டே, "விடிய விடியத் தச்சா தோள் வலிக்காம என்ன செய்யும்? தைலம் தேய்ச்சுட்டுப் படும்மா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தாள்.

"நெஞ்சு வலி?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த நிம்மதி நிற்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்க அதைவிடப் பயமாக இருந்தது.

"சுகர் இருக்கா மேடம்?" என்று அவளே கேட்டாள்.

"ரொம்ப வருஷமா."

அம்மாவுக்கும் ரொம்ப வருஷமாக இருக்கிறது.

"சாப்பிட்டாங்களா?"

"குமட்டுதுன்னு தட்டைத் தள்ளி வச்சுட்டாங்க."

அம்மாவும் தட்டைத் தள்ளித்தான் வைத்தாள். பார்த்துவிட்டு, வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டவள் இவள்தான்.

"ஹார்ட் அட்டாக் மேடம். சுகர் இருந்தா நெஞ்சு வலிக்காமயே வரும்," என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

"சரி. கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆச்சே, இப்ப மணி என்ன?" டீச்சரின் விரல் முள்ளுக்குப் போனது.

"தள்ளாதீங்க மேடம்." அவள் எழுந்து நின்றிருந்தாள். "எங்கம்மா... இதே மாதிரிதான் காலையில... வீட்ல தனியா இருக்காங்க."

டீச்சர் அப்புறம் என்ன என்று கேட்கவில்லை. டிராயரைத் திறந்து அவள் போனைக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள்.

"என்னடி, கிளாஸ் நேரத்துல?" அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"தாடை வரைக்கும் ஏறுது. கீழ்வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச்சு. எம்பொண்ணே நர்ஸு, பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான்னு அனுப்பி வச்சுட்டேன்."

டீச்சர் தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, விலாசத்துக்காக அவள் தோளைத் தட்டினார். சொன்னாள். அம்மாவிடம், எழுந்திருக்காதே, நடக்காதே, பேசிக்கொண்டே இரு என்றாள். அம்மா பேசினாள். ரவிக்கைக்கு ஊக்கு தைக்க வேண்டும் என்றாள். பிறகு பேச்சு குறைந்து மூச்சு மட்டும் கேட்டது. அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாக, சைரன் சத்தம் போனுக்குள் வந்தது.

"எப்பலருந்து வலி?" அம்மாவிடமிருந்து போனை வாங்கிய ஆம்புலன்ஸ்காரரின் குரல்.

"காலையில இருந்து," என்றாள் இவள்.

"அப்பவே ஏன் கூட்டிட்டு வரல? தோளெல்லாம் தைல வாசனை. தேய்ச்சுட்டுப் படுக்கச் சொன்னது யாரு?"

வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அவளுக்குப் பதில் சட்டென்று வரவில்லை.

"நான்தான்," என்றாள்.

"சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். சீக்கிரம் வாங்க."

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினார். மாடிப்படியில் அவள் நின்றாள்.

"பொழச்சுக்குவாங்களா மேடம்?"

எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற டீச்சர் இதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.